மண்ணுக்கு டீ போட்டவர்

ஒரத்தநாடு கடைத்தெருவில் உரக்கடை வைத்திருக்கும் சகாயநாதனுக்கு, தன் வீட்டு மொட்டைமாடியில் காலெடுத்து வைக்கக்கூடத் தடை இருந்தது. தடை போட்டவர் அவர் மனைவி விண்ணரசி. காரணம் ஒரு கறிவேப்பிலைச் செடி.

விண்ணரசி பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு, தஞ்சாவூர் நாஞ்சிக்கோட்டை சாலை வீட்டின் மாடியில் தொட்டி தொட்டியாகத் தக்காளி, அவரை, மிளகாய், ரோஜா என்று வளர்க்க ஆரம்பித்தார். பெரிய பெரிய மிராசுதாரர்கள் எல்லாம் பயிரைப் பிடுங்கிக்கொண்டு வந்து தன்னிடம் யோசனை கேட்கும்போது, சொந்தப் பெண்டாட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று சகாயநாதனுக்கு உள்ளூர ஒரு குறை. விண்ணரசி வேளாங்கண்ணிக்குப் போயிருந்த சமயம் பார்த்து, கேட்காமலே உதவி செய்துவிடலாம் என்று ஒரு கை யூரியாவைக் கறிவேப்பிலைத் தொட்டியில் போட்டார். ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று சொல்லிப் பழகிய வாய். ஒரு தொட்டிக்கு எவ்வளவு என்று அவருக்கே தெரியாது.

விண்ணரசி திரும்பி வந்து பார்த்தபோது இலையெல்லாம் முறுகிக் கிடந்தது. "தாளிக்க எண்ணெய் ஒண்ணுதான் பாக்கி" என்று சகாயநாதனே பிற்பாடு சொல்லிச் சிரிப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"இனிமே உங்க கடைச் சாமான் ஒண்ணும் மாடிக்கு வரக் கூடாது. நீங்களும் வர வேணாம்" என்றார் விண்ணரசி. குரலை உயர்த்தவில்லை. அவர் வகுப்பில் படித்தவர்களைக் கேட்டால் தெரியும், உயர்த்தாத குரலுக்குத்தான் பயப்பட வேண்டும்.

உளுந்து அறுவடை முடிந்து மேட்டூரில் தண்ணீர் திறக்கும் வரைக்கும் உரக்கடையில் ஈ ஓட்டுகிற காலம். கல்லாவில் உட்கார்ந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்த சகாயநாதன் கண்ணில் ஒரு வீடியோ பட்டது. மண்புழு உரத்தைத் துணியில் மூட்டையாகக் கட்டித் தண்ணீரில் தொங்கவிட வேண்டும். கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை. மீன்தொட்டிக்கு வைக்கிற காற்று மோட்டாரை வைத்து ஒரு பகல் ஒரு இரவு குமிழி விட வேண்டும். காற்று கிடைத்தால் உரத்தில் இருக்கிற நல்ல கிருமிகள் பல்கிப் பெருகும், அதை வேரில் ஊற்றினால் மண்ணுக்கு உயிர் வரும் என்றார் வீடியோக்காரர். அதன் பெயர் கம்போஸ்ட் டீ.

இது கடைச் சாமான் இல்லையே என்று சகாயநாதனுக்குப் பொறி தட்டியது. வாழ்நாள் முழுக்க மூட்டை உரம் விற்றவன் கிருமிக்குச் சர்க்கரை போட்டு வளர்ப்பதா என்று ஒரு கணம் கூச்சமாகவும் இருந்தது. மாடி ஏறும் ஆசைதான் ஜெயித்தது.

கலர் மீன் விற்கும் ஃபாஜில் கடைக்குப் போய் மோட்டார் கேட்டார்.

"என்ன மீன் சார் வளர்க்கிறீங்க?" என்றார் ஃபாஜில்.

"மீன் இல்லப்பா. வாளிக்கு."

"வாளிலயா? சின்ன மீனா?"

"கண்ணுக்கே தெரியாது" என்றார் சகாயநாதன். ஃபாஜில் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மோட்டாரையும் குழாயையும் குமிழி விடும் காற்றுக் கல்லையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

விண்ணரசி நிறைய யோசித்துவிட்டுத்தான் அனுமதி தந்தார். முனிசிபல் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது கிருமியைக் கொன்றுவிடும் என்பதால் தண்ணீரை முதல் நாளே பிடித்துத் திறந்து வைக்க வேண்டும் என்பதைச் சகாயநாதன் ஒழுங்காகச் செய்தார். சர்க்கரையில்தான் கோட்டை விட்டார். ஒரு கை போதும் என்று வீடியோவில் சொன்னது அவருக்குக் கஞ்சத்தனமாகப் பட்டது. அச்சு வெல்லமாக ஏழெட்டைத் தட்டிப் போட்டார். மறுநாள் காலையில் வாளி பொங்கி வழிந்து, பழுப்பு நுரை மாடித் தரையில் ஓடி, மழைநீர்க் குழாய் வழியாக இறங்கி, பக்கத்து வீட்டு ஞானாம்பாள் பாயில் காயவைத்திருந்த வடகத்தின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. நாற்றம் தெருமுனை வரைக்கும்.

"அண்ணே, மேல என்ன செத்துக் கெடக்கு?" என்று கீழிருந்து கேட்டார் ஞானாம்பாள்.

"ஒண்ணும் சாகலம்மா. எல்லாம் உயிரோடதான் இருக்கு. அதான் பிரச்சினையே" என்றார் சகாயநாதன். அரிசியும் ஜவ்வரிசியும் வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

அடுத்த முறை சர்க்கரையைக் குறைத்தார், காற்றைக் கூட்டினார். துணிமூட்டையை எடுத்து முகர்ந்தபோது கோடை மழை விழுந்த வயல் மாதிரி மணந்தது. விண்ணரசியே குனிந்து முகர்ந்துவிட்டு, "பரவாயில்லையே" என்றார். அந்த ஒரு சொல்லில் சகாயநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. வேரில் மட்டும் ஊற்றினால் போதாது, இலையிலும் பனி மாதிரி அடித்தால் இன்னும் நல்லது என்று அவராகவே தீர்மானித்தார். தொழில் தெரிந்தவன் என்பதைக் காட்டவும் ஆசை. கடைச் சாமான் வரக் கூடாது என்ற தடையை மறந்து கடைக்குப் போய், முதுகில் மாட்டிக்கொண்டு அடிக்கிற மருந்து டேங்கை எடுத்து வந்தார். தெரிந்த விவசாயிகளுக்கு இரவல் கொடுப்பதற்காகக் கடையில் கிடந்த டேங்க் அது. தண்ணீர் விட்டு ஒரு குலுக்குக் குலுக்கிக் கொட்டினார். டீயை ஊற்றினார். வெயில் தாழ்ந்ததும் மாடி முழுக்க அடித்தார், ரோஜாவையும் விடாமல். ஞானாம்பாள் கீழிருந்து வேடிக்கை பார்க்கிறார் என்று தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்று அடித்தார்.

ஒன்றிரண்டு நாள் போயிருக்கும். காலையில் விண்ணரசி மாடியிலிருந்து கூப்பிட்டார்.

"என்னங்க, இங்க வந்து பாருங்க. உங்க டீ செடிக்கு ஒத்துக்கலை போல இருக்கு."

தக்காளியின் கொழுந்தெல்லாம் கயிறு முறுக்கினாற்போல் முறுக்கிக்கொண்டிருந்தது. அவரை இலை கிண்ணம் போலக் குவிந்திருந்தது. ரோஜா தொங்கிவிட்டது. மூலையில் எலுமிச்சைப்புல்லும், பக்கத்தில் இரண்டு மக்காச்சோளச் செடியும் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி விறைப்பாக நின்றன.

சகாயநாதன் ஒரு கொழுந்தைப் பிடித்து விரித்துப் பார்த்தார். அகன்ற இலை சுருண்டு புல் மட்டும் நன்றாக இருந்தால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். நெல்லுக்குள் முளைக்கும் அகன்ற இலைக் களையைக் கொல்கிற மருந்து பட்டிருக்கிறது. இப்படி முறுக்கின இலையோடு எத்தனை பேர் கடை வாசலில் வந்து நின்றிருப்பார்கள். "எந்த டேங்க்ல அடிச்சீங்க? கழுவினீங்களா?" என்று அவர் கேட்பார். அவர்கள் தலையைச் சொறிவார்கள். அவர் உச்சுக் கொட்டுவார். இப்போது கேட்கிறவரும் அவரே, தலையைச் சொறிகிறவரும் அவரே.

விண்ணரசி டீயைத்தான் சந்தேகப்பட்டார். அப்படியே விட்டுவிடலாம். வீடியோக்காரனைத் திட்டிவிட்டு மோட்டாரை ஃபாஜிலிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம். சகாயநாதன் கீழே போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். முகம் கழுவினார். மறுபடியும் படியேறினார்.

"டீ இல்ல, விண்ணரசி. டேங்கு."

"டேங்குக்கு என்ன?"

"அதுல யாரோ களைமருந்து அடிச்சிருக்காங்க. நான் சரியாக் கழுவல."

மறுபடியும் தடைதான், இந்தத் தடவை சோறும் கிடைக்காது என்று சகாயநாதன் நினைத்துக்கொண்டிருக்கும்போது, விண்ணரசி கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறிக் கிட்டே போனார். சிரிப்பு.

"களைக்கொல்லி அடித்த டேங்கை நன்றாகக் கழுவவும், வேறு பயிருக்குப் பயன்படுத்தாதீர்னு உங்க கடையில அட்டை எழுதித் தொங்கவிட்டிருக்கீங்களே" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு. "அதுல ஒரு 'க்' விட்டிருந்தீங்க. நான்தான் திருத்திக் கொடுத்தேன்."

"திருத்தினது சரி. படிக்கிறது யாரு?" என்றார் சகாயநாதன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே தக்காளிச் செடிகளைப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது. விண்ணரசி விதை போட்டு, நாற்றாக்கி, ஒவ்வொன்றுக்கும் குச்சி நட்டுக் கட்டிவிட்டவை.

அன்று பகல் முழுக்க இரண்டு பேருமாகப் பிடுங்கினார்கள். தொட்டி மண்ணையும் மாற்றினார்கள். மூட்டை வியாபாரி என்பதால் மண் சுமக்கிற வேலை சகாயநாதனுக்கு. ஊருக்கெல்லாம் உரம் ஏற்றி இறக்கும் ஆள் கடையில் இருக்க, முதலாளி தன் வீட்டு மாடிப்படியில் மூச்சிரைக்க ஏறி இறங்கினார். தடையைப் பற்றி யாரும் பேசவில்லை. டேங்க் மாடிக்கு வரக் கூடாது, டீயைக் குவளையில் மொண்டு வேரில் மட்டும் ஊற்ற வேண்டும் என்று புதுச் சட்டம் வந்தது, அவ்வளவுதான். நர்சரியிலிருந்து கத்தரி நாற்று வாங்கி வந்து நட்டார்கள்.

ஆற்றில் தண்ணீர் வந்தது. குறுவைக்குக் கடையில் கூட்டம் சேர்ந்தது. களைமருந்து வாங்க வருகிறவர்களுக்குச் சகாயநாதன் அட்டையைக் காட்டுவதை விட்டுவிட்டுத் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். கறிவேப்பிலையில் தொடங்கி ரோஜா வரைக்கும், நடுவில் வடகத்தையும் சேர்த்து. ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்த கையோடு, "அப்ப களைமருந்துக்குன்னு தனியா ஒரு டேங்கு வச்சுக்கிறதுதான் நல்லதுங்களா?" என்றும் கேட்டார்கள். "சார், டீ ரெடியா?" என்பது கடைத்தெருவில் அவருக்கு வணக்கம் சொல்லும் முறையாகிவிட்டது.

கத்தரி காய்த்தது. ஊதா நிறத்தில், வரி வரியாக, கொத்துக்கொத்தாக. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சகாயநாதன் மாடியேறி ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்துப் பெருமைப்பட்டார். எல்லாவற்றிலும் பெரிய காய் இருந்த தொட்டியைத் தட்டிக் கொடுத்து, "பாத்தியா, டீயோட மகிமையை" என்றார்.

"இதுக்கு நீங்க ஊத்தவே இல்ல" என்றார் விண்ணரசி.

"எல்லாத்துக்கும்தானே ஊத்தினேன்?"

"நீங்க குவளையை எடுக்கும்போதெல்லாம் இதை மட்டும் தண்ணித்தொட்டிக்குப் பின்னால நகர்த்தி வச்சுடுவேன்."

"எதுக்கு?"

"ஒண்ணாவது பொழைக்கட்டும்னுதான்."

சகாயநாதன் அந்தக் காயையும் மற்ற தொட்டிக் காய்களையும் மாறி மாறிப் பார்த்தார். மற்றவையும் ஒன்றும் குறைவில்லை. ஆனால் கூடுதலும் இல்லை. டீயால் மண்ணுக்கு உயிர் வந்ததா, மாற்றிப் போட்ட மண்ணே நல்ல மண்ணா, இல்லை கத்தரி நாற்று யார் தயவும் இல்லாமல் காய்க்கிற ஜாதியா, எந்த முடிவுக்கும் அவரால் வர முடியவில்லை. விற்கிற உரத்தைப் பற்றிக் கேட்டால் மூட்டையைப் பார்த்துச் சொல்லிவிடலாம். இதற்கு மூட்டை கிடையாது.

வாளியில் முதல் நாளே பிடித்து வைத்த தண்ணீர் இருந்தது. துணிமூட்டையைக் கட்டி இறக்கி, ஒரு கை சர்க்கரை போட்டு, மோட்டாரைச் சொருகினார். குமிழி கொப்பளிக்க ஆரம்பித்தது.

"இன்னும் எதுக்குங்க இது?"

"தெரியல. சத்தம் நல்லாருக்கு" என்றார் சகாயநாதன்.

விண்ணரசியும் அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். பிறகு பெரிய காயைக் காம்போடு அரிந்து முந்தானையில் போட்டுக்கொண்டு, அந்தத் தொட்டியைத் தண்ணித்தொட்டிக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டுச் சமைக்கப் போனார்.