கேட்டது நான்தான்

சாமைச் சோற்றை உருட்டி வாயருகே கொண்டுபோனேன். வாய் திறக்கவில்லை. களை கொத்தும்போது காலில் வெட்டிக்கொண்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. காயம் ஆறிவிட்டதால் இரண்டையும் சேர்த்து நினைக்கவில்லை.

மறுநாள் முதுகு வளைந்தது. மலைமேல் இருக்கும் எங்கள் குண்டூர் நாட்டிலிருந்து தூளி கட்டி அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறக்கி, அங்கிருந்து மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் காலைப் பார்த்ததும், “வில்வாதம்” (காயத்தின் வழியே விஷம் ஏறி உடம்பை வில்லாக வளைக்கும் நோய்) என்றார். உலகச் சண்டை நடந்த வருஷம் அது. அதனால் விஷமுறிவு ஊசி கிடைக்கவில்லை. சத்தமும் வெளிச்சமும் படாமல் இருட்டறையில் கிடத்தினார்கள்.

இந்த நோயில் புத்தி மங்குவதில்லை. கதவு அசைந்தால் போதும், தலையும் குதிகாலும் மட்டும் கட்டிலில் படும்படி உடம்பு எழும்பும். அத்தனை வலியும் தெளிவாகத் தெரியும். யாரும் தொடக்கூடாது. துணைக்கிருந்த என் வீட்டுக்காரர் சுவரோரம் மூச்சடக்கி உட்கார்ந்திருப்பார்.

கட்டிலருகே சீசாவில் வைத்து, பல்லிடுக்கில் சொட்டுச் சொட்டாக விட்டுவந்த தூக்க மருந்து அளவுக்கு மேல் போனால் மூச்சு நின்றுவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ஐந்தாம் நாள், கிட்டிய பல்லோடே வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

“ஏனுங்க, பூராத்தையும் ஊத்தீருங்க.”

அவர் எழுந்துபோய் டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்தார். “அவரு கையால ஆகாதுங்கறாரு.”

“உங்க கை இருக்குதுல்லீங்க?”

மறுபடி சுவரோரம் உட்கார்ந்து, “செரி கண்ணு” என்றார்.

மூன்றாம் வாரம் இழுப்பு விட்டது. பிழைத்தேன். அவருக்கு மனம் வரவில்லை என்று எண்ணி, உள்ளுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன். அடுத்த வருஷம் மிளகு காயப்போடும்போதுதான், அன்று ஏன் ஊற்றவில்லை என்று வாய்விட்டுக் கேட்டேன்.

“ஊத்துனேன்” என்றார். “உம்பல்லு தொறக்கல. அத்தனையும் கழுத்துல வழிஞ்சுது.”

கழுத்து நனைந்தது நினைவிருக்கிறது. அந்த இருட்டில் அவர் அழுகிறார் என்று நினைத்திருந்தேன்.

“கோவமா?”

“இல்லீங்க.”

பொய்யில்லை. கேட்டவள் நான்தான். ஆனால் கேட்டவள் வேறு, இன்று மிளகு அள்ளுகிறவள் வேறு. இவர்களில் யாருக்காக அவரை நியாயம் கேட்பது? இப்படிப்பட்ட கட்டிலருகே இருப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் தீர்ப்பு இல்லை. ஊரில் யாரிடமும் அவரைக் காட்டிக்கொடுக்கவும் முடியாது. அவரிடமே மறுபடி இதைப் பேசினால் அவர் உடைந்துபோவார்.

இப்போது கொட்டாவி வந்தாலும், மறுபடி பூட்டிக்கொள்ளுமோ என்று தாடையைக் கையால் தாங்கிக்கொள்கிறேன். விடியும்போது புதிய நாள் பிறந்ததாகத் தோன்றுவதில்லை. அன்று நான் கேட்ட சாவு இன்னும் ஒரு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.