வியாழக்கிழமைக் கல்யாணங்கள்

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு நான் ஒரு கல்யாணம் நடத்தி வைப்பேன். நாலு மணிக்கு மாப்பிள்ளை வாலிபால் விளையாடப் போய்விடுவான். மணப்பெண் காயப்போட்ட துணியை எடுக்க மொட்டை மாடிக்கு ஓடுவாள். அடுத்த வியாழக்கிழமை அதே ஆட்கள், வேறு ஜோடி. பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் மாந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் வேதாகமக் கல்லூரியில் இதற்குப் பெயர் ஆயர் பணிப் பயிற்சி. நாளைக்குப் போதகராகச் சபைக்குப் போகிறவர்கள் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றையும் இங்கேயே தப்பும் தவறுமாகச் செய்து பழகிவிட வேண்டும். ஞானஸ்நானத்துக்குக் கொல்லங்கோட்டுக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பொம்மை ஒன்று வைத்திருக்கிறோம். இத்தனை தடவை தலை நனைந்த குழந்தை கேரளத்தில் வேறு எங்கும் இருக்காது. அடக்கத்துக்கு விடுதியின் கால் உடைந்த பெஞ்சு போதும். கல்யாணத்துக்குத்தான் உயிருள்ள ஆட்கள் வேண்டியிருக்கிறது. பக்கத்துத் தோப்பின் காவல்காரர் பழனிச்சாமி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “ஏனுங்க டீச்சர், போன வாரம் கட்டி வெச்ச புள்ளைக்கு இந்த வாரமும் கண்ணாலமுங்களா?” என்று கேட்பார். நான் விளக்குவேன். அவர் தலையாட்டுவார். அடுத்த வாரமும் அதையே கேட்பார்.

பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து நான் இங்கே வந்து பதினான்கு வருடம் ஆகிறது. என் கணவருக்கு இந்தக் கல்லூரியில் கிரேக்கம் கற்பிக்கும் வேலை கிடைத்தது. எனக்கும் இறையியல் பட்டம் இருந்ததால், சும்மா இருப்பானேன் என்று ஆயர் பணிப் பாடத்தை என் தலையில் கட்டினார்கள். வந்த முதல் வாரம் பழனிச்சாமியை மரியாதையாக “அண்ணாச்சி” என்று கூப்பிட்டேன். எங்கள் பக்கத்தில் அதைவிட மரியாதையான சொல் கிடையாது. அவர் முகம் மாறி, “நான் கடையெல்லாம் வைக்கலைங்க” என்றார். இந்தப் பக்கத்தில் அண்ணாச்சி என்றால் தெற்கிலிருந்து வந்து மளிகைக் கடை வைத்தவர் என்று எனக்கு அப்போது தெரியாது. ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இதெல்லாம் விளையாட்டாகத் தெரியலாம். அங்கே ஆலயம் ஊருக்கு நடுவில் நிற்கிறது. பாஸ்டர் என்றால் யார், அடக்க ஆராதனை என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இங்கே பஸ்ஸின் போர்டு மலையாளம், பஸ்ஸுக்குள் பேச்சு கொங்குத் தமிழ், எங்கள் ஆராதனையோ தகரக் கூரை போட்ட ஒரு கூடத்தில். நான் யார், எதற்கு வந்தேன் என்பதை வாரத்துக்கு இரண்டு பேருக்காவது முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் வகுப்புக்குள் நுழைந்தால் காது குளிர்ந்துவிடும். மாணவர்களில் பாதிப் பேர் இடுக்கி எஸ்டேட்களிலிருந்து வருகிறவர்கள். அவர்களுடைய முப்பாட்டன்மார் எங்கள் பக்கத்திலிருந்து தேயிலைக்கு மலையேறியவர்கள். நான் பிறந்த மண்ணை அந்தப் பிள்ளைகள் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் அந்தப் பேச்சு அவர்கள் வாயில் அப்படியே இருக்கிறது. சின்னக்கானலிலிருந்து வந்த ரூபி முதல் நாள் விடுதிப் படியில் நின்று யாரையோ, “ஏ, அங்கன போவாத, வழுக்கும்” என்று கத்தினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளுடைய அப்பா ஞானராஜ் தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்க்கிறார், அம்மா கொழுந்து எடுக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் சொந்தக்காரர்கள் எல்லாரும் ரிசார்ட்டில் ரிசப்ஷன் வேலைக்கு விடச் சொன்னார்களாம். ரூபியோ பாஸ்டராகி, தான் பிறந்த லயத்துக்கே, அந்த வரிசை வீடுகளுக்கே திரும்பப் போய் ஊழியம் செய்வேன் என்று ஒற்றைக் காலில் நின்று இங்கே வந்து சேர்ந்தாள்.

அவள் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது நான் ஒரு காரியம் செய்தேன். அந்த வியாழக்கிழமை ரூபிதான் மணப்பெண். மாப்பிள்ளை மறையூர்ப் பையன் பிரவீன். கொஞ்சம் களையாக இருக்கட்டும் என்று என் கல்யாணப் பட்டுச்சேலையையே எடுத்து அவளுக்குக் கட்டிவிட்டேன். தாலிக்குப் பதில் எப்போதும் கல்லூரி அடையாள அட்டையின் நாடாவைத்தான் கட்டச் சொல்வோம். அந்த வருடத்து நாடா மஞ்சள் நிறம். பிரவீன் குனிந்து அதை அவள் கழுத்தில் கட்டும்போது, படம் அருமையாக வரும் போலிருக்கிறதே என்று ஃபோனில் எடுத்தேன். எடுத்ததோடு விட்டேனா? “இன்று எங்கள் கல்லூரியில் திருமணம். மணமக்களை வாழ்த்துங்கள்” என்று எழுதி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு, ஃபோனைச் சத்தமில்லாமல் வைத்துப் பாடகர் குழுப் பயிற்சிக்குப் போய்விட்டேன். பெற்றோர் எல்லாருடைய எண்ணும் என் ஃபோனில் இருப்பதும், என் எண் அவர்களிடம் இருப்பதும் அந்த நேரத்தில் என் புத்திக்கு எட்டவில்லை. பிள்ளைகளின் ஃபோன்களோ சனிக்கிழமை வரை அலுவலக அலமாரியில் இருக்கும். மறுநாள் காலையில் தவறிய அழைப்புகளைப் பார்த்துவிட்டு நான் கூப்பிட்டபோது ஞானராஜின் ஃபோன் அணைந்திருந்தது. அவர் அதற்குள் முதல் பஸ் ஏறியிருந்தார்.

மத்தியானம் ஒன்றரை மணிக்குக் கல்லூரி வாசலில் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, கையில் காலிப் பை. மகளின் சாமான்களை எடுத்துப்போகத்தான் அந்தப் பை என்பது பார்த்ததுமே தெரிந்தது. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“மாப்பிள்ளை எங்க?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள், “மூணு ஞாயிறு கல்யாண ஓலை வாசிச்சு, ஆட்சேபம் உண்டான்னு சபையக் கேட்டிங்களா? எந்தச் சபையில வாசிச்சிங்க? தாயும் தகப்பனும் உசுரோட இருக்கும்போது யாரைக் கேட்டு எம்புள்ளைக்குக் கல்யாணம் முடிச்சி வச்சிங்க?” என்றார். சத்தம் போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

நான் நாடாவைக் கொண்டுவந்து காட்டினேன், பாடத்திட்டத்தைக் காட்டினேன், ஆராதனை முறை அச்சடித்த புத்தகத்தையும் காட்டினேன். அவர் எதையும் பார்க்கவில்லை. பிரவீனைக் கூப்பிட்டேன். அவன் வெலவெலத்துப் போய், “அங்கிள், எனக்கு ஊர்ல பொண்ணு பாத்து வச்சிருக்காங்க” என்றான். அது யாருக்கும் உதவவில்லை. ரூபி வந்து, “அப்பா, உங்ககிட்ட சொல்லாம நான் அப்படிப் பண்ணுவேனா?” என்று கேட்டு அழுதாள். கடைசியில் காப்பாற்றியது பழனிச்சாமிதான். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர் ஒரு சொம்பு மோரோடு உள்ளே வந்தார். “ஏனுங்க, உக்காந்து குடிங்க. நானும் வருசக்கணக்கா பாக்கறனுங்க, இங்க நடக்கற ஒரு கண்ணாலமும் நெசமில்லைங்க” என்றார். நான் அரை மணி நேரம் சொல்லி நம்பாததை அவர் சொல்லி ஞானராஜ் நம்பினார். மோரைக் குடித்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் பையை அவர் கீழே வைக்கவில்லை.

“வாரா வாரம் இதான் நடக்குதா டீச்சர்?”

“ஆமாங்க. பழகணும்ல.”

“எம்புள்ள இதுவரைக்கும் எத்தனை தடவை பொண்ணா நின்னுருக்கா?”

“ஏழெட்டுத் தடவை இருக்கும்.”

“பாஸ்டர் எடத்துல எத்தனை தடவை நின்னுருக்கா?”

அட்டவணையை மனதுக்குள் புரட்டினேன், ஒரு தடவைகூட இல்லை. அவர் ரூபியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

“பொண்ணா நிக்கறதுக்குப் படிப்பு எதுக்கு டீச்சர்? அதை லயத்துல இருந்தே நின்னுக்கிடுவாளே. ரிசார்ட்டுக்கு விடுன்னு அத்தனை பேரும் சொன்னாங்க. இல்ல, எம்புள்ள பாஸ்டராவான்னு வம்பு பேசிட்டு அனுப்பிச்சேன். அவ பெட்டிய எடுக்கச் சொல்லுங்க.”

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. வகுப்பில் மூன்றே பெண்கள், மணப்பெண்ணுக்கு வேறு யாரை நிறுத்துவது என்று பதில் நாக்கு நுனி வரை வந்தது. வந்த வேகத்தில் திரும்பிப் போனது. ஏனென்றால் இதே கேள்வியை எங்கள் ஊர்ச் சபையில் நான் கேட்டிருக்கிறேன். பீடத்துக்குப் பூ வைப்பதும் ஞாயிறு பள்ளி நடத்துவதும் தவிர எங்களுக்கு வேறு வேலை கிடையாதா என்று இருபத்திரண்டு வயதில் பாஸ்டர் வீட்டு முன்னறையில் நின்று சண்டை போட்டவள் நான். அந்தச் சண்டையோடுதான் எல்லை தாண்டி வந்தேன். வந்த இடத்தில் இத்தனை வருடமாக ஆண்பிள்ளைகளைப் பாஸ்டராக்கி, பெண்பிள்ளைகளுக்குச் சேலை கட்டிவிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. வகுப்பு அட்டவணையை எழுதியது என் கைதான். அத்தனை பேர் முன்னாலும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“ஒரு மணி நேரம் குடுங்க. அப்புறம் உங்க இஷ்டம்” என்றேன். சபை வரலாற்று வகுப்பை நிறுத்தி எல்லாரையும் கூடத்துக்கு வரச் சொன்னேன். ரூபியிடம் ஆராதனைப் புத்தகத்தை நீட்டி, “நீ நடத்து” என்றேன்.

“டீச்சர், நான் பழகினதே இல்லையே.”

“தெரியும். நில்லு.”

பட்டுச்சேலையைப் பிரவீனின் தலையில் முக்காடாகப் போட்டுப் பெண்ணாக்கினோம். முந்தைய நாள் மாப்பிள்ளை மறுநாள் பெண்ணாகி நின்றதைப் பார்த்து ஜன்னலோரம் பழனிச்சாமி வாயைப் பொத்திக்கொண்டார். வாலிபால் ஆடும் பையன் ஒருவன் மாப்பிள்ளை. பெண்ணுக்கு அப்பா வேண்டுமே என்று தேடியபோது, “நீங்க நில்லுங்க” என்று ஞானராஜிடம் சொன்னது நானில்லை, ரூபிதான். அவர் தயங்கி எழுந்து பிரவீனுக்குப் பக்கத்தில் போய் நின்றார். பை இன்னும் கையில்தான் இருந்தது.

ரூபி புத்தகத்தைத் திறக்கவேயில்லை. ஏழெட்டுத் தடவை பெண்ணாக நின்று தலை குனிந்தபடி கேட்ட ஆராதனை முறை முழுவதும் அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது. தொடக்க ஜெபத்தில் ஒரு சொல் தடுமாறவில்லை. மாப்பிள்ளை முணுமுணுத்தபோது நிறுத்தி, “சத்தமாச் சொல்லுங்க, கடைசி பெஞ்சுக்குக் கேக்கணும்” என்றாள். இந்தப் பெண்ணைக் கொடுக்கிறவர் யார் என்று கேட்டபோது ஞானராஜ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பையைக் கீழே வைத்தார். பிரவீனின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் கொடுத்து, “நாந்தான்” என்றார். கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார்.

அடுத்துப் பிரசங்கம். எங்கள் ஆண்பிள்ளைகள் இந்த இடத்தில் எருசலேமில் ஆரம்பித்து ரோமாபுரி வரை போய்வருவார்கள். ரூபி தன் லயத்துக்குப் போனாள். “இவங்க காலையில கொழுந்து எடுக்கப் போகும்போதுதான் நீங்க ஃபாக்டரி ஷிஃப்ட் முடிஞ்சு வருவீங்க. ரெண்டு பேருக்கும் களைப்புதான். அடுப்புல மொதல்ல தண்ணி வைக்கிறது யாருன்னு இன்னைக்கே பேசி முடிவு பண்ணிக்கோங்க. எங்க வீட்டுல அப்பாதான் வைப்பாங்க. எங்க அம்மா அதை ஒரு நாளும் வெளிய சொன்னதில்ல, நான் சொல்றேன்.” ஞானராஜ் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு ரூபி இரண்டு கையையும் உயர்த்தி ஆசீர்வாதம் கூறினாள். மணமக்களாக நடித்தவர்கள் தலை குனிந்தார்கள். நடிக்காமல் தலை குனிந்தவர் ஞானராஜ் ஒருவர்தான். ஆமென் சொல்லி எல்லாரும் நிமிர்ந்த பிறகும் அவர் தலை கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது, ஆராதனையாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன்.

“பெட்டி இருக்கட்டும்” என்றார் வெளியே வந்ததும். “வாரா வாரம் நிப்பாளா?”

“நிப்பா.”

“நீங்க வார்த்தை மாறக் கூடாது.”

அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து புது அட்டவணை எழுதினேன். அவர் போன வழி வேடிக்கையானது. கேரளத்தில் ஏறி, பொள்ளாச்சி, உடுமலை என்று தமிழ்நாட்டைக் கடந்து, மறையூர் வழியாக மறுபடி கேரளத்தில் மலையேற வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்து, அணைந்திருந்த ஃபோனைத் திறந்ததும் தன் லயத்து ஆட்களைக் கூப்பிட்டு மகளின் பிரசங்கத்தைச் சொல்ல ஆரம்பித்தவர், மூணாறு வரைக்கும் நிறுத்தவில்லையாம். ரூபி பின்னால் சொன்னாள். அந்த வருடம் முடிவதற்குள் மூன்று பெண்களும் ஆளுக்கு நாலு கல்யாணம், நாலு அடக்கம் நடத்தினார்கள். பிரவீனைப் போல அடக்கமான மணப்பெண்ணை நான் இன்னும் பார்க்கவில்லை.

இந்த மே மாதம் சின்னக்கானலில் நிஜமான கல்யாணம் ஒன்று. தாலி எடுத்துக் கொடுத்தது அங்கே இருக்கும் மூத்த பாஸ்டர். பிரசங்கத்துக்கும் கடைசி ஜெபத்துக்கும் அவர் ரூபியை அழைத்திருந்தார். படிப்பு முடித்து வந்த அவளுக்கு அதுதான் சொந்தச் சபையில் முதல் கல்யாணம். நான் போய்ச் சேரும்போது ஆராதனை தொடங்கியிருந்தது. இடப்பக்கம் பெண் வீட்டார், வலப்பக்கம் மாப்பிள்ளை வீட்டார், இரண்டு பக்கமும் உட்கார இடமில்லை. முன்னால் வெள்ளைச் சேலையில் ரூபி எழுந்து நின்றாள். ஒலிபெருக்கியில் அவள் குரல் தேயிலைச் சரிவு வரை போனது. வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற பெண்மணி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?”

நான் திருநெல்வேலிக்காரி, பாலக்காட்டில் இருப்பவள், இந்த இடுக்கி மலையில் எனக்குச் சொந்தம் என்று ஒரு ஆள் கிடையாது. எந்தப் பக்கத்தைச் சொல்வது?

“பாஸ்டர் வீடு” என்றேன்.

அவர் பீடத்தருகே நின்ற ரூபியை ஒரு தடவை பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, இரண்டு வீட்டாருக்கும் நடுவே நடைபாதையில் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.