என்ன காரியத்துக்கு என்று கேட்கும் கடை

ஒன்லைன் கடை தொடங்கப் போகிறேன் என்று சொன்ன அன்றே, கனடாவில் இருக்கும் என் தம்பி அந்தக் கடையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டான். பலகாரம் சுடப்போவது நானும் என் மச்சாளும். அடுப்படி யாழ்ப்பாணத்துக் கோப்பாயில், எங்கள் வீட்டுக் கிணற்றடிக்குப் பக்கத்தில். வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகள் போனில் காசு கட்டினால், ஊரில் இருக்கும் அவர்களுடைய வீட்டுக்குப் பயித்தம் பணியாரமும் அரியதரமும் முறுக்கும் பெட்டியில் போய்ச் சேரும். இதுதான் வியாபாரம். இதற்காகக் கூட்டுறவுச் சங்கக்கடை வேலையை விட்டிருந்தேன். கடை விழுந்தால் நானும் விழுந்தேன் என்றுதான் கணக்கு.

தம்பி சொன்னதெல்லாம் பிழை என்று சொல்ல மாட்டேன். படம் நன்றாக இருக்க வேண்டும் என்றான். அது சரி, நாங்கள் முதலில் எடுத்த படத்தில் பயித்தம் பணியாரம் கிணறு வெட்டிய இடத்துக் கல்லுப் போலக் கிடந்தது. கொண்டுபோய்க் கொடுக்கும் கூலியும் சேர்த்து விலை முதலிலேயே தெரிய வேண்டும் என்றான். அதுவும் சரி, கடைசியில் விலையைக் கூட்டிக் காட்டும் கடைக்காரரை எனக்கும் கண்ணில் காட்டக்கூடாது. இல்லாத சாமானை இருக்கிறது என்று காட்டக்கூடாது என்றும் சொன்னான். அதன் அருமை எனக்குப் பிறகுதான் விளங்கியது. பனம்பழம் விழும் காலத்தில் மட்டும் சுடும் பனங்காய்ப் பணியாரத்துக்கு, சுவிஸில் இருந்து ஒருவர் மாசி மாதம் காசு கட்டிவிட்டுத் தினமும் போன் எடுத்தார். பனைக்குப் போன் எடுத்துச் சொல்லவா முடியும்?

இதையெல்லாம் கணினியில் செய்து தந்தவள் உடுவிலில் இருக்கும் ஒரு பெண்பிள்ளை. கெட்டிக்காரி. ஆனால் முகவரி எழுதும் இடத்தில் வீட்டு இலக்கம், வீதி, தபால் இலக்கம் என்று கட்டம் கட்டி வைத்திருந்தாள்.

“பிள்ளை, எங்கடை ஒழுங்கையளுக்கு ஆர் இலக்கம் வச்சது? கோயிலுக்கு எந்தப் பக்கம், எந்த மதவடி எண்டு எழுத இடம் விடும்” என்றேன். சிரித்துக்கொண்டே விட்டாள்.

இன்னொரு கட்டமும் கேட்டேன். என்ன காரியத்துக்கு இந்தப் பலகாரம் என்று கேட்கும் கட்டம். அங்கேதான் தம்பி குறுக்கே விழுந்தான்.

“அக்கா, கேள்வி கூடக்கூட வாங்கிற சனம் பாதியிலை விட்டிட்டு ஓடிடும். அதோடை அது அவையின்ரை சொந்த விசயம். கேக்கப்படாது.”

“எங்கடை ஊரிலை பலகாரம் கேட்டு வாற ஆளிட்டை முதல் கேக்கிறதே அதைத்தானடா” என்றேன். அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால். கடை திறக்கும் நல்லநாள் கிட்டிவிட்டதால் போகட்டும் என்று விட்டேன். கேள்விக்குப் பதிலாக அவன் ஒரு அலங்காரம் கண்டுபிடித்துத் தந்தான். ஒவ்வொரு பெட்டிக்கும் சிவப்பு நாடா, உள்ளே ஒரு குங்குமப் பொட்டலம், “இன்பம் பொங்கட்டும்! மீண்டும் வருக!” என்று அச்சடித்த வாழ்த்து மட்டை. பெட்டி பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

கடை திறந்த கொஞ்சக் காலத்தில் லண்டனில் இருந்து ஒரு பெரிய ஓடர் வந்தது. அரியாலையில் இருக்கும் தாய் வீட்டுக்கு மகன் அனுப்புகிறார். முறுக்குத்தான் கூடுதலாக. “கலியாணவீடோ, சாமத்தியவீடோ தெரியேல்லை, நல்லாச் செய்வம்” என்று மச்சாள் சேலையை இழுத்துச் செருகினாள். அடுப்புக்கு முன்னால் நின்று இரண்டு பேரும் வெந்தோம். எல்லாப் பெட்டிக்கும் சிவப்பு நாடாவை அவளே கட்டினாள். அவள் போட்ட முடிச்சை அவளே அவிழ்க்கமாட்டாள், அப்படிக் கட்டு. எங்களுக்கு வழக்கமாக ஓடும் ஓட்டோக்கார அண்ணை காலையில் ஏற்றிக்கொண்டு போனார்.

போன வேகத்தில் போன் எடுத்தார்.

“பிள்ளை, ஒழுங்கை முகப்பிலை வெள்ளைக்கொடி கட்டிக்கிடக்கு. முத்தத்திலை பந்தல் கழட்டேல்லை. வீட்டுக்காரர் செத்து இண்டைக்கு எட்டாம் நாளாம். இந்த வீடுதானோ?”

 எட்டுச் செலவு. செத்தவருக்கு வாய்க்குப் பிடித்ததையெல்லாம் செய்து படைக்கும் நாள். வர முடியாத மகன் தகப்பனுக்காகப் பலகாரம் அனுப்பியிருக்கிறார். செத்தவீட்டுக்குப் போனால் நாங்கள் “போயிட்டு வாறன்” என்று கூடச் சொல்வதில்லை. பேசாமல் எழும்பி வந்துவிடுவோம். அந்த வீட்டுக்கு, புருசனைப் பறிகொடுத்தவரின் கைக்கு, குங்குமமும் “மீண்டும் வருக” மட்டையும் போகிறது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. ஒரு தரம் அந்தப் பெயர் எடுத்தால் பிறகு எங்கள் பலகாரத்தை நாய்கூட மோந்து பார்க்காது. அதைவிட அந்த மனிசியின் முகத்தை நினைக்கத்தான் பயமாக இருந்தது.

“அண்ணை, படலையைத் தாண்டாதேங்கோ. அங்கையே நில்லுங்கோ, நான் வாறன்.”

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். வழிநெடுகத் தம்பியை வாயில் வந்தபடி திட்டிக்கொண்டு போனேன். அண்ணை அந்த வீட்டு வேலியோரமாக ஓட்டோவை விட்டுவிட்டு நின்றார். இரண்டு பேருமாகப் பெட்டிகளை இறக்கி, நாடாக்களைக் கழற்றத் தொடங்கினோம். மச்சாளின் முடிச்சு அசையவில்லை. நான் நகம் உடையக் கிளப்பினேன், அண்ணை பல்லால் இழுத்தார். குங்குமப் பொட்டலங்களையும் மட்டைகளையும் ஒன்றும் தவறாமல் பொறுக்கி ஸ்கூட்டி சீற்றுக்குக் கீழே போட்டுப் பூட்டினேன். அலங்காரம் இல்லாத பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனோம்.

வெள்ளைச் சேலையோடு அந்த அம்மா வந்து வாங்கினார். ஒரு பெட்டியைத் திறந்து முறுக்கைப் பார்த்தார். “அவருக்கு முறுக்கெண்டால் உயிர்” என்று மட்டும் சொன்னார். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, சொல்லாமல் எழும்பி வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தம்பிக்குப் போன் எடுத்தேன். அவனுக்கு அங்கே விடிந்ததோ இல்லையோ, நான் பார்க்கவில்லை.

“சனம் ஓடுமெண்டனி. ஓடுற சனத்தை நான் பாக்கிறன். என்ரை கட்டம் இண்டைக்கே வரவேணும்.”

உடுவில் பிள்ளை பின்நேரமே அதைப் போட்டுவிட்டாள். நல்ல காரியம், துக்க காரியம், சும்மா ஆசைக்கு. கீழே, சொல்ல விரும்பினால் சொல்லுங்கள் என்று கொஞ்சம் வெறும் இடம். துக்க காரியம் என்று வந்தால் நாடாவும் இல்லை, மட்டையும் இல்லை, குங்குமமும் இல்லை.

ஒருவரும் ஓடவில்லை. அந்த வெறும் இடத்தில்தான் சனம் நின்று கதைக்கிறது. அம்மாவுக்குச் சீனி வருத்தம், இனிப்பைக் குறையுங்கோ என்கிறார்கள். அப்பாவுக்குப் பல்லில்லை, முறுக்கை மெல்லிசாப் பிழியுங்கோ என்கிறார்கள். பெரிய பெரிய கடைகளின் பக்கங்களை எல்லாம் இப்போது நானும் போனில் பார்க்கிறேன். நட்சத்திரம் உண்டு, தள்ளுபடி உண்டு, பறந்து வரும் பலூனும் உண்டு. இப்படி ஒரு கேள்வி ஒன்றிலும் இல்லை. அது எங்கள் கடையில் இருக்கிறது, நான் சண்டை பிடித்து வைத்தது. சொல்ல எனக்கு என்ன வெட்கம்? தம்பி இப்போது கனடாவில் தன் கூட்டாளிகளிடம் அது தன்னுடைய யோசனை என்று சொல்லித் திரிகிறானாம். திரியட்டும்.

வருசம் திரும்பி, அந்த வீட்டு ஆட்டத்திவசமும் கழிந்து கொஞ்ச நாளில், அதே லண்டன் மகனிடம் இருந்து அதே அரியாலை வீட்டுக்கு மறுபடி ஓடர் வந்தது. நல்ல காரியம் என்று போட்டிருந்தார். கீழே எழுதியிருந்ததை மச்சாளுக்கு உரத்து வாசித்தேன்.

“தங்கச்சிக்குக் கலியாணம். அம்மா உங்களிட்டைச் சொல்லச் சொன்னவா. இந்தமுறை சிவப்பு நாடாவைக் கழட்ட வேண்டாமாம்.”

வாசித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அந்த அம்மா எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். நான் நகம் உடைத்ததையும் அண்ணை பல்லால் இழுத்ததையும் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல வந்து பெட்டியை வாங்கியிருக்கிறார்.

மச்சாள் நாடாச் சுருளை எடுக்கப் போனாள். நான் தடுத்தேன். அந்த வீட்டுப் பெட்டிகளுக்கு நாடா முழுவதையும் நானே கட்டினேன்.