பேசினுக்குப் பின்னால் எங்கள் வீடு

ஃபேரர் பார்க்கில் புதிதாகத் திறந்த சாப்பாட்டுக் கடையொன்றில், வெள்ளைக்காரன் காலத்து நிலவரைபடம் ஒன்றைப் பெரிதாக்கிச் சுவர் முழுக்க ஒட்டியிருக்கிறார்கள். மேடு பள்ளங்களைப் பழுப்புக் கோடுகளாக வளைத்துக் காட்டும் படம். வீடுகள் சின்னக் கறுப்புக் கட்டங்கள். அதில் நாங்கள் பிறந்து வளர்ந்த பள்ளத்தாக்கும் இருந்தது. அந்தக் காலத்தில் அங்கே சீனர்களின் காய்கறித் தோட்டங்கள், நடுவே ஓடை, ஓடைக்கரையில் எங்கள் வீடும் மாட்டுக்கொட்டகையும். இன்று அங்கே பள்ளமே இல்லை. பக்கத்துக் குன்றை வெட்டி அதில் கொட்டி, மேலே அடுக்குமாடி கட்டிவிட்டார்கள்.

அந்தச் சுவரை மகள் போனில் எடுத்து அனுப்பிய படத்தில் குன்று மட்டும்தான் தெரிந்தது. அண்ணனிடம் சொன்னேன். அவருக்குக் கண்ணில் அழுத்த நோய். மிச்சமிருக்கும் பார்வையும் தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"கண்ணு தெரியறப்பவே நம்ம வீட்ட ஒரு தடவ பாத்துடறேன்" என்று தீவின் வடகோடி உட்லண்ட்ஸிலிருந்து ரயிலேறி வந்துவிட்டார்.

கடைக்குள் நுழைந்ததும் சுவரோடு மூக்கை ஒட்டிக்கொண்டு, குன்றின் உச்சியிலிருந்து விரலாலேயே கீழே இறங்கினார். இங்கேதான் சறுக்கி விழுவோம், இது வாத்துக் குட்டை என்று சொல்லிக்கொண்டே ஓடையைப் பிடித்துவிட்டார். ஓடை வளைகிற இடத்தில் விரல் பீங்கானில் இடித்தது. கை கழுவும் பேசின். எங்கள் வீட்டைத் துளைத்துக் குழாய் இறக்கியிருந்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை பெரிய படத்தில் கடல் இல்லையா, பேசினை அதில் மாட்டக்கூடாதா? முதலாளியைக் கூப்பிட்டுக் கேட்டேன். வாழையிலையில் சாப்பிடுகிறவர்கள் கை கழுவ வேண்டாமா என்று என்னையே திருப்பிக் கேட்டார். படம் சும்மா அழகுக்காம்.

"அங்க ஒண்ணும் இல்ல ஆன்ட்டி, வெறும் பள்ளம் லா" என்று இந்த ஊர் இழுவையோடு முடித்தார்.

வெறும் பள்ளமாம். அந்தப் பள்ளத்தில் கறந்த பால்தான் சிராங்கூன் ரோட்டில் வீடு வீடாகப் போனது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். சண்டை வேண்டாம் என்று அண்ணன் என் கையைப் பிடித்தார். பிறகு கன்னத்தைப் பேசினோடு ஒட்டி, சுவர் இடுக்கில் எட்டிப் பார்த்தார்.

"கறுப்பா ஒண்ணு தெரியுது. நம்ம வீடுதானே?"

நானும் குனிந்து பார்த்தேன். பேசினைச் சுவரோடு பிடித்திருந்த திருகாணி அது. ஆமாண்ணே என்றேன்.

பின்னால் எச்சில் கையோடு நின்றவர், கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். அண்ணன் உடனே ஒதுங்கப் போனார். யார் சொன்னாலும் ஒதுங்கிப் பழகிய மனிதர். நான் அவர் தோளை அழுத்திப் பிடித்து நிறுத்தினேன்.

"இருங்கண்ணே. அவங்க கை காயட்டும். நீங்க பாருங்க."