டிராக்டர் விளக்கு போட்ட ஹெரால்டு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாப்பிள்ளை என்னையும் என் வீட்டுக்காரரையும் பூந்தமல்லி பக்கம் ஒரு கல்லூரி மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடுகிற கூட்டமாம். மாப்பிள்ளையும் இப்போதுதான் ஒரு பத்மினி வாங்கியிருக்கிறார். எங்கோ மாட்டுக் கொட்டகையில் கிடந்ததை மீட்டு, வெண்ணெய் நிறம் அடித்து வைத்திருக்கிறார். ஏசி இல்லாத அந்த வண்டியில் எங்களை வேர்க்க வேர்க்க உட்கார வைத்து, "எப்படி அத்தை, சோபா மாதிரி இல்ல?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். சோபா மாதிரிதான் இருந்தது. ஸ்பிரிங் குத்துகிற சோபா.

மைதானத்தில் எல்லாம் சின்ன வயசுப் பிள்ளைகள். புதுக்கார் வாங்க வழியில்லாதவர்கள் இல்லை. ஒரு பையனிடம் ஏன் தம்பி இந்தப் பாடு என்று கேட்டேன். "புதுசு எல்லாம் ஒரே மூஞ்சிம்மா. இது காலைல ஸ்டார்ட் ஆகுமா ஆகாதான்னே தெரியாது. அதான் மேட்டரே" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் அதே காரணத்துக்காக எத்தனை காலை அழுதிருக்கிறோம்!

அப்போதுதான் யாரோ ஒருவர் ஒரு ஹெரால்டு காரின் பானெட்டைத் திறந்தார். ஹெரால்டின் பானெட் மற்ற கார்களைப் போலத் திறக்காது. மட்கார்டு, விளக்கு எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு, பெரியவர்களைக் கண்டு குனிவதுபோல, முழு மூஞ்சியும் முன்பக்கமாகச் சாயும். சாய்ந்ததும் உள்ளேயிருந்து பெட்ரோலும் சூடான ஆயிலும் பழைய ரெக்சினும் கலந்த ஒரு வாசனை வந்தது. திரும்பிப் பார்த்தால் வீட்டுக்காரரைக் காணவில்லை. கரும்பு ஜூஸ் வண்டியருகே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சர்க்கரை வியாதிக்காரர். ஜூஸ் குடிக்க அங்கே போகவில்லை என்று எனக்குத் தெரியும்.

எங்களிடமும் ஒரு ஹெரால்டு இருந்தது.

கல்யாணமான புதிது. திருநின்றவூரில் ஏரிக்கரைப் பக்கம் வாடகை வீடு. அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஃபேக்டரியில் டர்னர், கடைசல் வேலை. நான் பட்டரவாக்கத்தில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், அப்பாவுக்கு டாங்கி ஃபேக்டரியில் வேலை. எங்கள் வீட்டில் ஒரு ஸ்பூன் வாங்குவதென்றாலும் குடும்பமே உட்கார்ந்து பேசித்தான் வாங்குவோம். அவரோ அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் பிறந்தவர். நினைத்தால் நினைத்ததுதான். ஒரு நாள் பழைய ஸ்கூட்டர் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பூந்தமல்லிக்குப் போனவர், சாயங்காலம் ஒரு டெம்போவின் பின்னால் கயிறு கட்டி ஒரு காரை இழுத்துக்கொண்டு வந்தார். வாசலில் நின்ற நான் அப்படியே நின்றுவிட்டேன். கையிலிருந்த கோலமாவு டப்பா கீழே விழுந்தது எனக்கே தெரியவில்லை.

"ஸ்கூட்டர் எங்கங்க?"

"இன்னா மேடம், ஸ்கூட்டர்ல மழ வந்தா நனைவோம்ல?" என்றார். டெலிபோனில் நான் பேசுகிற குரலைக் கேட்டதிலிருந்து எனக்கு வீட்டிலும் மேடம் பட்டம்தான்.

பூந்தமல்லியில் ஒரு லேடி டாக்டர் வீட்டுப் பின்கட்டில் கோழி அடைந்துகொண்டிருந்த வண்டி அது. பின்சீட்டில் ஒரு முட்டை கூட இருந்தது. "முட்டையோடதான் குட்த்தாங்க" என்று பெருமையாகச் சொன்னார். டாக்டரம்மாவுக்கு அதை எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றிருந்திருக்கிறது. ஸ்கூட்டருக்கு வைத்திருந்ததிலும் மிச்சம் பிடித்திருந்தார். மூன்று நாள் நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. அக்கம்பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, "இது ஓடுமா, இல்ல வாசல்ல அலங்காரமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஓடியது. அவரும் அவருடைய மெக்கானிக் நண்பரும் ஞாயிறு ஞாயிறாக அதன் கீழே படுத்துக் கிடந்தார்கள். மெக்கானிக்கை எல்லோரும் நைனா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. மேக நீலத்தில் பெயிண்ட் அடித்தார்கள். பின்னால் இடதுபக்க விளக்கு உடைந்திருந்தது. ஹெரால்டு விளக்கு எங்கு தேடியும் கிடைக்காமல், கடைசியில் ஒரு டிராக்டரின் வட்டச் சிவப்பு விளக்கைக் கொண்டுவந்து மாட்டினார் நைனா. ஒரு பக்கம் நீள விளக்கு, இன்னொரு பக்கம் வட்ட விளக்கு. பின்னாலிருந்து பார்த்தால் கண்ணடிப்பதுபோலவே இருக்கும். எனக்கு அந்தக் கார் பிடிக்க ஆரம்பித்தது அந்த விளக்கைப் பார்த்துத்தான்.

ஆட்டோக்காரர்கள் முன்னும் பின்னும் போய்த் திரும்புகிற எங்கள் சந்தில் அது ஒரே வளைப்பில் திரும்பிவிடும். நாலு பேர் ஏறினால் பின்சக்கரங்கள் கால் அகட்டி நிற்கும். மழை பெய்தால் டேஷ்போர்டுக்குக் கீழிருந்து சரியாக என் முழங்காலில் சொட்டும். கியருக்குத் தனிக் குணம். மூன்றாவது கியரைத் தொட்டுவிட்டுத்தான் முதல் கியருக்கு வரும். நேராக முதல் கியருக்குப் போனால் பல்லை நறநறவென்று கடிக்கும். இதையெல்லாம் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் அது நகரும். ஆவடியில் பட்டாளத்து முகாம் மதில் ஓரம் ஆளில்லாத சாலையில் அவர் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கதவுக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சூப்பரா ஓட்ற மேடம், சூப்பரா ஓட்ற" என்பார். குரல் மட்டும் நடுங்கும்.

அந்த நாளில் எங்களைப் போல ஒரு சின்னக் கூட்டமும் இருந்தது. பாடி பக்கம் ஒரு டீக்கடை வாசலில் ஞாயிறு காலை பழைய வண்டிகள் வந்து நிற்கும். யாரிடமும் பெரிய வசதி கிடையாது. அடுத்தவர் வேண்டாம் என்று தள்ளிய வண்டியை வைத்துக்கொண்டிருப்பதுதான் எல்லோருக்கும் உள்ள ஒரே ஒற்றுமை. கார்புரேட்டரைப் பற்றி, மாமியாரைப் பற்றிப் பேசுவதுபோல ஆதங்கத்தோடு பேசுவார்கள். பொம்பளை ஓட்டிக்கொண்டு வந்த ஒரே வண்டி எங்களுடையதுதான். என் தலை தெரிந்ததும் டீ மாஸ்டர், "நீலக்காரு வந்துகிச்சி, ஒரு ஸ்பெசல்" என்று குரல் கொடுப்பார். மகள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அதில்தான். அன்றைக்கு மட்டும் அது மக்கர் செய்யவே இல்லை.

அந்த மகள் எல்.கே.ஜி. போக ஆரம்பித்த வருஷம் ஏரி நிரம்பித் தெருவில் தண்ணீர் நின்றது. கார் சக்கரம் முழுக நாள்கணக்கில் அதில் நின்றது. தண்ணீர் வடிந்தபின் துடைத்து ஓட்டினோம். சில மாதம் கழித்து ஒரு காலை, குழந்தையைப் பின்சீட்டில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். மடக்கென்று ஒரு சத்தம். "அம்மா, டிபன் பாக்ஸ் ஓடிடுச்சி" என்றாள். கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் சாலை நடுவில் அவளுடைய டிபன் பாக்ஸ் உருண்டுகொண்டிருந்தது. அடுத்த நொடி ஒரு பஸ் அதன்மேல் ஏறிப் போனது.

காரை ஓரம் கட்டித் திரும்பிப் பார்த்தேன். குழந்தையின் காலடியில் தரை இல்லை. துருப்பிடித்த தகடு பிய்ந்து விழுந்து, ஓட்டை வழியே தார் ரோடு தெரிந்தது. அவள் இரண்டு காலையும் தொங்கப் போட்டுக்கொண்டு அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை வாரி எடுத்தவள்தான், அந்த வண்டியில் திரும்ப ஏறவில்லை.

நைனா அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்தார். "தரைய வுடு, வேற போட்டுக்கலாம். வண்டியத் தாங்கற சேஸே வுட்டுப் போய்கீது. கொயந்தைய வெச்சிகினு இதுல போவாதீங்க" என்றார்.

விற்பதென்று முடிவானது. வீட்டுக்காரர் ஒரு நாள் வந்து, "கோயமுத்தூர்ல ஒருத்தரு பழய காரா வாங்கி ஷெட்டுல வெச்சிகினு கீறாராம். ஓட்ட மாட்டாரு, சும்மா அழகு பாப்பாராம். அவருக்கே குட்த்துர்லாம்" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. வண்டி போன அன்று நான் வேலையில் இருந்தேன். அதற்கப்புறம் பேப்பரில் கோயமுத்தூரில் மழை என்று படித்தால், ஷெட் ஒழுகாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். குளிர் என்றால், அதற்குக் காலையில் ஸ்டார்ட் ஆகக் கஷ்டமாயிற்றே என்று நினைப்பேன். பைத்தியம்தான்.

ஒரு வருஷம் போயிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் அம்பத்தூரில் ஒரு சினிமாவுக்கு எங்களையும் சேர்த்து டிக்கெட் வாங்கிவிட்டார்கள். அவர் வரமாட்டேன் என்றார். தலைவலி என்றார், ஓவர்டைம் என்றார். நான்தான் பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போனேன்.

இடைவேளைக்கு அப்புறம் ஒரு துரத்தல். ஒரு சிவப்புக் கார் மலைமேல் ஏறுகிறது. ஹெரால்டு! நான் சந்தோஷமாக, "ஏங்க, நம்ம வண்டி மாதிரியே இருக்குல்ல" என்று அவர் பக்கம் திரும்பினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பத் திரையைப் பார்த்தேன். இப்போது காரைப் பின்னாலிருந்து காட்டினார்கள். வலதுபக்கம் நீள விளக்கு. இடதுபக்கம் வட்ட விளக்கு.

அது கண்ணடித்தது. அப்படியே மலை விளிம்பைத் தாண்டிக் காற்றில் போனது. பாறையில் ஒரு முறை மோதித் திரும்பி, இன்னொரு முறை மோதும்போது வெடித்தது. தியேட்டரே விசில் அடித்தது. கதவு ஒன்று தனியாகப் பறந்து வந்தது. சிவப்புப் பெயிண்ட் உரிந்த இடத்தில் எங்கள் நீலம் தெரிந்ததா, நானாகத்தான் நினைத்துக்கொண்டேனா, இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்திருக்க வேண்டும். மடியிலிருந்த மகள் அழ ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டம்மா, "சினிமாதானே, ஏன் பயப்படுற" என்று என் முதுகைத் தடவினாள்.

ரயிலில் அவர் எதிரே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டதும் கேட்டேன்.

"கோயமுத்தூரா?"

"யாரும் வாங்கல மேடம். ஒரு மாசம் அலைஞ்சேன். காயலான் கடையில ஆட்டைக் கூறு போட்ற மாதிரி வெட்டி, கிலோ கணக்குல எடை போடுவாங்க. அத்த எப்படிப் பாப்பேன்? அப்ப சினிமாக்காரங்க கேட்டாங்க. ஒரேடியாப் போயிடட்டும்னு குட்த்தேன்."

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் இன்னும் நின்றுகொண்டே இருந்தார்.

"இன்னொண்ணும் சொல்லிர்றேன். குன்றத்தூர் தாண்டி ஒரு மலையாண்ட ஷூட்டிங். நானும் போனேன். அவங்க டிரைவருக்குக் கியர் புடிபடல. மேட்டுல வெச்சி நறநறன்னு ஒடைக்கிறான். சத்தம் கேக்க முடில. எறங்குடா தம்பின்னுட்டு நானே உச்சி வரைக்கும் ஓட்டிகினு போய் நிறுத்தினேன். அப்புறம் அவங்க கயிறு கட்டி இழுத்து வுட்டாங்க."

நான் உட்கார்ந்துவிட்டேன். வெடித்ததை விட எனக்கு இதுதான் அதிர்ச்சி. எங்கள் காரை அது சாகிற இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போன கை, எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த கை. அவரே சொன்னார்.

"எறங்கறப்ப முன் கண்ணாடியத் தொட்ச்சிட்டுத்தான் எறங்கினேன்."

"எதுக்குங்க?"

"தெர்ல. தூசியா இருந்துச்சி."

அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. அவருக்கும் வந்தது. வேண்டுமானால் அந்த இடத்தைக் காட்டுகிறேன் என்றார். எதற்கு என்றேன். அதற்கப்புறம் அந்தப் பேச்சை நாங்கள் இருவரும் எடுத்ததில்லை. பத்து வருஷம் போல வேறு காரே வாங்கவில்லை. வாங்கிய பிறகும் அதற்கு ஒரு குணமும் இருந்ததாக நினைவில்லை. சாவியைத் திருகினால் ஓடும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் மைதானத்திலிருந்து திரும்பும்போது மாப்பிள்ளையிடம் சொன்னேன். முன்சீட்டில் இருந்த வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். "ஒரு ஹெரால்டையா அத்தை... ஒரு ஹெரால்டையா?" என்றே திரும்பத் திரும்பக் கேட்டார் மாப்பிள்ளை. இன்று ஒரு ஹெரால்டு விற்கிற விலைக்கு அன்றைக்கு வேப்பம்பட்டில் மனையே வாங்கியிருக்கலாமாம்.

"குன்றத்தூர் வழியாப் போங்க" என்றேன் நான். வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு, "நேராப் போய் வலது பக்கம்" என்று மாப்பிள்ளைக்கு வழி சொல்ல ஆரம்பித்தார்.

அவருக்கே வழி பிடிபடவில்லை. வயலாக இருந்த இடமெல்லாம் அடுக்குமாடி. இரண்டு முறை திரும்பி வந்து, ஒரு பெட்டிக்கடையில் மலை எங்கே என்று விசாரித்தோம். "மலையா? இன்னா மலை?" என்றான் கடைக்காரன். பிறகு யோசித்து, "ஓ, குவாரியா? அந்தாண்ட போங்க" என்று காட்டினான்.

மண்பாதை ஒரு கம்பி வேலியில் போய் முடிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் தரையே இல்லை. ஊரையே தூக்கி வைக்கலாம் போல ஒரு பள்ளம். அடியில் பாசிப் பச்சையாகத் தண்ணீர். குளிக்காதீர்கள், ஆழம் அதிகம் என்று ஒரு பலகை. கார் போனது எனக்குத் தெரியும். அது ஏறிய மலையும் போகும் என்று நான் நினைத்ததே இல்லை. மொத்த மலையையும் வெட்டி, லாரி லாரியாக ஏற்றி, ஜல்லியாக இந்த ஊர்ச் சாலைகளில் கொட்டியிருக்கிறார்கள். நாங்கள் வந்த சாலை கூட அதுதானோ என்னவோ.

"எந்த இடம் மாமா?" என்று மெதுவாகக் கேட்டார் மாப்பிள்ளை.

வீட்டுக்காரர் வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். இந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தார், அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தார். பிறகு கையை நீட்டினார். தண்ணீரை அல்ல, கரையை அல்ல. பள்ளத்துக்கு மேலே, உயரத்தில், ஒன்றுமில்லாத ஆகாயத்தைக் காட்டினார்.

"அதோ, அங்கதான் நிறுத்தினேன்" என்றார்.