பதினாலாம் குழி மணல்

இருபது வருஷம் டூகல் மெல்வில்லோடு ஒரே கோல்ஃப் மைதானத்தில் வேலை பார்த்திருக்கிறேன். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடலோரத்தில் பந்தைச் சிக்கவைக்க வெட்டும் மணல் பள்ளத்துக்குச் சுவர் எழுப்ப அவனை விட்டால் ஆள் கிடையாது. புல்லோடு வெட்டிய மண்கட்டிகளைச் செங்கல் மாதிரி அடுக்குவான். ஒவ்வொரு வரிசையையும் இரண்டு விரல் பின்னால் தள்ளி வைப்பான். அவன் கட்டியது எதுவும் சரிந்ததில்லை. ஆனாலும் ஊருக்கு அவன் ஓடிப்போனவன் பேரன்தான். தாத்தா ஆர்ச்சி இதே மைதானத்தில் வேலை செய்தவர். 1911 குளிர்காலத்தில், கர்ப்பிணி மனைவியை விட்டுவிட்டுக் கனடாவுக்குக் கப்பல் ஏறிவிட்டாராம்.

"என்ன டூகல், டிக்கெட் எடுத்தாச்சா?" என்று மதுக்கடையில் எவனாவது கேட்பான். டூகல் பீரைப் பார்த்தபடி சிரிப்பான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

1986ல் கிளப்புக்குப் புது ஆசை வந்தது. மைதானம் முதலில் அமைத்தபடியே இருக்க வேண்டுமாம். பதினாலாம் குழிக்கு முன்னால் பல காலமாக மூடிக் கிடந்த பள்ளத்தைத் திறக்கச் சொல்லி, செயலாளர் பிரிங்கிள் 1911ல் எடுத்த படத்தைக் கொடுத்தார். ஆள் உயரத்துக்கு மேல் செங்குத்தான சுவர். அதன் அடியில் பல் வைத்த வாரியோடு ஒருவர், முதுகைக் காட்டியபடி. இடது தோள் தாழ்ந்திருந்தது. டூகலுக்கும் அப்படித்தான்.

"இவ்வளவு நேரா வெச்சா விழுந்துடும் சார்," என்றான் டூகல்.

"படத்துல எப்படியோ அப்படியே வேணும். உன் சொந்தச் சரக்கு வேண்டாம்."

பாதி தோண்டி, மாலையில் மணலை வாரிச் சமன்செய்துவிட்டுப் போனோம். காலையில் பார்த்தால் ஓரிடத்தில் மணல் இறங்கியிருந்தது, ஆள் நீளத்துக்கு. நிரப்பினோம். மறுநாளும் அதே இடம், அதே நீளம்.

"முயல் வளையா இருக்கும்," என்றேன்.

"முயல் காலை நீட்டிப் படுக்குமாக்கும்?"

மூன்றாம் நாள் டூகல் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இடத்தை அளந்தான். படத்திலிருந்தவர் நின்ற இடம்தான் அது.

"சுவர் சரிஞ்சிருக்கு. இவர்மேலதான் சரிஞ்சிருக்கணும். அடியில ஆள் கிடக்கறது தெரியாம பள்ளத்தை மூடிட்டாங்க."

"தோண்டிப் பார்த்து, ஒண்ணும் இல்லேன்னா?"

"அப்ப தாத்தா ஓடிப்போனவர்தான். எங்கப்பா சாகுற வரைக்கும் அந்தப் பேரை வீட்டுல சொல்ல விடலை. எனக்குத் தெரிஞ்சாகணும்."

மண்வெட்டியை எறிந்துவிட்டுக் கையாலேயே அள்ளினான். கறுத்துப்போன புல்கட்டிகள் வந்தன. அடுத்து வாரியின் காம்பு. அதற்குக் கீழே ஆணி அடித்த பூட்ஸ் இரண்டு. அவை காலியாக இல்லை.

டூகல் பூட்ஸின்மேல் கையை வைத்துக்கொண்டு அழுதான். "ஓடலைடா. வேலையிலதான் இருந்திருக்கார்."

போலீஸ் வந்து போனது. ஒரு மாதம் கழித்து, ஊரே திரண்டு வந்து, ஆர்ச்சியை அவர் மனைவிக்குப் பக்கத்தில் புதைத்தது. சுவரை உன் வழக்கப்படியே சாய்த்துக் கட்டு என்றார் பிரிங்கிள், டூகலின் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் காலை நாங்கள் போனபோது மணல் இறங்கவில்லை. ஆனால் முந்தின நாள் நான் சமன்செய்த பரப்பின் நடுவில் காலடிகள் தொடங்கியிருந்தன. உள்ளே வந்த தடமே இல்லை, வெளியே போன தடம் மட்டும். ஆணிகளின் குறி ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தது. கரையேறி, பனிபடிந்த புல்லில் நேராக மெல்வில் வீட்டுப் பக்கம் போயிருந்தது.

அவசரமாக வாரியை எடுத்தேன். டூகல் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"கலைக்காதே. வீட்டுக்குப் போயிருக்கார்."