மை டாக்டர் வீட்டு பிரிண்டர்

ஊரில் எந்த வீட்டு பிரிண்டர் படுத்தாலும் மை டாக்டருக்குத்தான் அழைப்பு போகும். மனிதருக்கு நல்ல கைராசி. மூடியைத் திறப்பார், உச்சுக் கொட்டுவார், மை காய்ந்து அடைத்திருந்தால் ஈரப் பஞ்சால் ஒற்றியெடுப்பார். கொஞ்ச நேரத்தில் பக்கம் பளிச்சென்று வெளியே வரும். அப்படிப்பட்டவருக்கு ஒரு கெட்ட பழக்கம். உதிரி பாகம் கைவசம் இல்லாவிட்டால், "நாளைக்கு வர்றேன்" என்று சொல்ல வாய் வராது. வீட்டுக்கு ஓடி, சொந்த பிரிண்டரிலிருந்து கழற்றிக்கொண்டு போய் மாட்டிவிடுவார். நம் வீட்டுக்கு நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்பது கணக்கு. அந்த நாளை மட்டும் வந்ததே இல்லை.

அன்று காலை பத்து மணிக்கு மனைவி வந்து நின்றாள். கல்லூரி ஆய்வகத்தில் கருவிகளைப் பராமரிக்கும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். விண்ணப்பத்தைப் பன்னிரண்டுக்குள் நேரில் கொடுக்க வேண்டும். ஒரு நிமிடம் தாண்டினாலும் வாங்கமாட்டார்கள்.

"என்னங்க, பேப்பரை இழுக்கவே மாட்டேங்குது."

பேப்பரை இழுக்கும் ரப்பர் ரோலர் போன வாரம்தான் ஒரு வக்கீல் வீட்டுக்குக் குடிபோயிருந்தது. தெருமுனைக் கடையில் பிரிண்ட் எடுக்கலாமென்றால், அந்தக் கடை மெஷினும் இவர் மேசையில்தான் பிரிந்து கிடந்தது.

"கேபிளா இருக்கும்," என்று பிடுங்கிச் சொருகினார். "மை காய்ஞ்சிருக்குமோ?" என்று முகவாயைத் தடவினார். மனைவி டார்ச்சை எடுத்து உள்ளே அடித்தாள்.

"ரோலரே இல்லையே. யார் வீட்டுல இருக்கு?"

"வக்கீல் வீட்டுல." முகத்தில் அசடு வழிந்தது.

"சரி, மூஞ்சியை அப்புறமா தொங்கப் போட்டுக்கலாம். இப்ப நீங்கதான் ரோலர். கையால தள்ளுங்க."

தள்ளினார். முதல் தாள் கோணலாகப் போய்ச் சிக்கியது. இரண்டாவது கசங்கியது. "மெதுவா, நேரா," என்று அவள் அதட்ட, ஊரே கும்பிடும் டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னபடி செய்தார். மூன்றாவது தாளை உள்ளே தள்ளியிருந்த இன்னொரு உருளை கவ்விக்கொண்டது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

கடைசிப் பக்கம் வரிவரியாக வெளியே வந்தது. 'முன் அனுபவம்: பதினான்கு வருடம். மிக்சி, மின்விசிறி, தண்ணீர் மோட்டார், தையல் மெஷின். வீட்டில் பழுது பார்க்க ஆள் கிடைக்காததால் நானே கற்றுக்கொண்டேன்.'

அவருக்குச் சுருக்கென்றது. பதினான்கு வருடமாக வீட்டில் எது கெட்டது, எப்படிச் சரியானது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அதற்குக் கீழே, 'அனுபவத்துக்குச் சாட்சி' என்ற இடத்தில் அவர் பெயர்தான் இருந்தது. அவள் பேனாவை நீட்டினாள்.

"பொய்யா ஏதாவது எழுதியிருக்கேனா?"

"இல்லம்மா. ஒண்ணை விட்டுட்டே."

தையல் மெஷினுக்குப் பக்கத்தில் 'பிரிண்டர்' என்று எழுதிவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டார்.